வெற்றுக் கோதின் கணக்கு

9 மில்லிமீற்றர் கைத்துப்பாக்கி ரவை ஒன்றுக்குள் இருக்கும் மருந்து ஏறக்குறைய 0.3 கிராம். உள்ளங்கையில் கொட்டினால் ஒரு சிட்டிகை. அது எரிந்து சன்னத்தைக் குழலுக்கு வெளியே தள்ளி முடிக்க ஆயிரத்தில் ஒரு செக்கன் அளவே பிடிக்கும். அந்தக் கணத்தில் கோதுக்குள் எழும் அழுத்தத்துக்கு ஐரோப்பியத் தரவிதி குறித்திருக்கும் உச்சம் 2,350 பார். நம்மைச் சூழ்ந்திருக்கும் காற்றின் அழுத்தம் ஏறத்தாழ 1 பார்தான் என்பதை நினைத்துக்கொண்டால் இந்த எண்ணின் கனம் விளங்கும். இப்படிப்பட்ட ஒன்றை வீட்டு மேசையில் வைத்து, சுட்டு முடிந்த கோதைத் துப்புரவாக்கி, மருந்தை அளந்து போட்டு, புதுச் சன்னம் பொருத்தி, அடுத்த போட்டிக்குக் கொண்டுபோவது அமெரிக்கா, கனடா, சுவிற்சர்லாந்து போன்ற நாடுகளில் சட்டத்துக்கு உட்பட்ட பழக்கம். துப்பாக்கி சுடும் போட்டிகளில் ஈடுபடுவோரில் பலர் அதைச் செய்கிறார்கள்.

இதை நான் எழுதுவது கண்டாவளையை மனதில் வைத்து. முரசுமோட்டை, ஊரியான், தருமபுரம், புன்னைநீராவி என்று எந்தப் பக்கம் போனாலும், வயல் உழும்போதோ கிணறு வெட்டும்போதோ ஒரு கோது வெளிப்படுவது இங்கே புதினமல்ல. ஆனையிறவுக்காக 1991இலும் 2000இலும் நடந்த சண்டைகள், 2009 ஜனவரியில் பரந்தனையும் தருமபுரத்தையும் கடந்துபோன போர், எல்லாம் இந்த மண்ணில்தான் தங்கள் உலோகத்தை விட்டுச் சென்றன. பித்தளைக்கு விலை உண்டு. பழைய இரும்பு வாங்க வருகிறவர் தராசோடு வருகிறார். இணையத்தில் வெளிநாட்டவர் கோதுகளைத் திரும்ப நிரப்பும் காணொளிகளைப் பார்த்த இளம்பிள்ளைகளுக்கு, கையில் கிடைத்த ரவை விளங்கிக்கொள்ளக்கூடிய, பிரித்துப் பார்க்கக்கூடிய பொருளாகத் தோன்றுவது இயல்பு. அங்கே அது ஏன் முடிகிறது, இங்கே அது ஏன் முடியாது என்ற இரண்டுக்கும் காரணம் ஒரே அறிவியல். அதைச் சரியாகச் சொல்லிவிட்டால் பயமுறுத்தல் தேவைப்படாது என்பது என் நம்பிக்கை.

சட்டத்தை ஒரு வரியில் சொல்லிவிடலாம். 1916ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டமும் 1956ஆம் ஆண்டின் வெடிபொருட்கள் சட்டமும் இருக்கும் இலங்கையில், அனுமதியில்லாமல் வீட்டில் இருந்து ரவை நிரப்புவது குற்றம்.

இனிக் கோது. ரவையின் நான்கு உறுப்புகளில் திரும்பப் பயன்படக்கூடியது அது மட்டும்தான். மருந்து எரிந்துவிடும், சன்னம் போய்விடும், அடியில் இருக்கும் கேப்பு ஒருமுறை வெடித்தால் சரி. கோது மட்டும் கைக்குத் திரும்பி வருகிறது. அது 70 பங்கு செம்பும் 30 பங்கு நாகமும் கலந்த பித்தளை. உலகம் முழுவதும் ரவைத் தொழிற்சாலைகள் இந்தக் கலவையிலேயே வந்து நின்றதற்குக் காரணம் விலையல்ல, அதன் மீள்தன்மை. சுடும்போது அழுத்தம் தாங்காமல் கோதின் சுவர் விரிந்து, துப்பாக்கியின் அறைச் சுவரோடு ஒட்டி, வாயு பின்பக்கமாக வராதபடி அடைத்துக்கொள்ள வேண்டும். அழுத்தம் இறங்கியதும் அதே சுவர் சற்றே சுருங்கி அறையை விட்டுவிட வேண்டும். விட்டால்தான் கொக்கி அதை வெளியே இழுக்கும். ஓர் உலோகம் இப்படி எவ்வளவு திரும்பிச் சுருங்கும் என்பது, அது நிரந்தரமாக வளையத் தொடங்கும் தகைப்பை அதன் விறைப்பால் வகுத்து வருவது. பித்தளையின் விறைப்பு உருக்கின் விறைப்பில் ஏறத்தாழ பாதி. அதனால் அது அதிகம் சுருங்கித் தாராளமாக விடுபடுகிறது. தனிச் செம்பு என்றால் மென்மை அதிகம். விரிந்த இடத்திலேயே நின்றுவிடும்.

ஆனால் முழுதாகத் திரும்பி வராது. சுட்ட கோது பழைய அளவைவிடச் சற்றுப் பருத்திருக்கும். திரும்ப நிரப்புகிறவர் அதை ஒரு கடினமான வளையத்துக்குள் செலுத்தி மறுபடி ஒடுக்குகிறார். ஒவ்வொரு விரிவும் ஒடுக்கமும் பித்தளையின் படிகங்களைக் குலைத்து, அதை இன்னும் கடினமாக்குகிறது, கூடவே நொய்மையாகவும். கடைசியில் ஒருநாள் வாய் விளிம்பில் மயிரிழை போல ஒரு வெடிப்பு ஓடும். அதோடு அந்தக் கோதின் ஆயுள் முடிந்தது. கவனமானவர்கள் ஒவ்வொரு கோதையும் விரலிடையில் உருட்டி, வெளிச்சத்தில் பிடித்து, அந்தக் கோட்டைத் தேடுகிறார்கள்.

பித்தளையின் இந்த வெடிப்புக் குணத்தை உலகம் விளங்கிக்கொண்டதில் நம் துணைக்கண்டத்துக்குப் பங்கு உண்டு. ஆங்கிலேய இந்தியாவில் படைகளின் ரவைகள் மழைக்காலம் முடிவதற்குள் காரணமில்லாமல் வெடிப்பு விட்டன. சுடப்படவில்லை, யாரும் தொடவும் இல்லை. பெட்டிக்குள் இருந்தபடியே பிளந்தன. பருவத்தோடு வந்ததால் ஆங்கிலேயர் அதைப் பருவ வெடிப்பு என்று அழைத்தார்கள். 1921இல்தான் விடை முழுதாக வந்தது. மழைக்காலத்தில் ரவைகளைக் குதிரை லாயங்களுக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்கள். குதிரையின் மூத்திரத்திலிருந்து எழுந்த அம்மோனியா ஈரக்காற்றில் கலந்து, பித்தளையின் செம்பை அரித்தது. கோதை இழுத்து உருவாக்கும்போது அதன் சுவரில் தங்கிவிடும் உள்தகைப்பு, அரிப்புத் தொடங்கிய இடத்தைப் பிளந்து விரித்தது. அரிப்பு தனியே வந்தாலோ தகைப்பு தனியே இருந்தாலோ கோது பிழைத்திருக்கும். பரிகாரம் எளிதாக இருந்தது: உருவாக்கி முடிந்த கோதை மிதமாகச் சூடாக்கி அந்தத் தகைப்பைத் தளர்த்திவிடுவது. இந்த அம்மோனியாவை மறந்துவிட வேண்டாம், பின்னால் நம் வயலுக்கே வரப்போகிறது.

கடையில் ரவை கிடைக்கும்போது வீட்டில் எதற்கு நிரப்ப வேண்டும்? செலவு ஒரு காரணம். நல்ல சுடுநர் ஒருவர் பயிற்சியில் செலவழிக்கும் ரவைகளுக்கு அளவில்லை. ஆனால் போட்டிக்காரரைக் கேட்டால் வேறொன்றைச் சொல்வார். 1976இல் அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் உருவான பன்னாட்டுக் கூட்டமைப்பின் விதிப்படி, ஓடியும் திரும்பியும் சுடும் கைத்துப்பாக்கிப் போட்டிகளில் ரவைக்கு ஒரு குறைந்தபட்ச வலு வேண்டும். சன்னத்தின் நிறையைக் கிரெயினிலும் வேகத்தைச் செக்கனுக்கு அடியிலும் எடுத்து, பெருக்கி, 1,000ஆல் வகுத்தால் 125க்குக் குறையக்கூடாது. ஒரு கிரெயின் 64.8 மில்லிகிராம். போட்டிக் களத்தில் நடுவர் உங்கள் ரவைகளில் சிலதை எடுத்து, ஒரு சன்னத்தைத் தராசில் நிறுத்து, மற்றவற்றை வேகமானியின் முன்னால் சுட்டுப் பார்ப்பார். 125க்குக் கீழே போனால் தொடர்ந்து சுடலாம், புள்ளி கிடைக்காது.

இங்கேதான் கணக்கு சுவை பிடிக்கிறது. தொழிற்சாலை ரவை இந்த எல்லையைத் தாராளமாகத் தாண்டும். 124 கிரெயின் சன்னம் செக்கனுக்கு 1,100 அடியில் போனால் 136 வரும். தாண்டும் ஒவ்வொரு எண்ணும் கையில் கூடுதல் உதைப்பு. அடுத்த இலக்குக்குத் துப்பாக்கி திரும்பி வரப் பிடிக்கும் நேரமும் அதனால் கூடும். ஆகவே வீட்டில் நிரப்புகிறவர் எல்லைக்குச் சற்று மேலே, 128, 130 என்று வந்து நிற்கப் பார்க்கிறார். 147 கிரெயின் கொண்ட கனமான சன்னத்தைச் செக்கனுக்கு 880 அடியில் அனுப்பினால் 129. இலகுவான 124 கிரெயின் சன்னத்தை 1,045 அடியில் அனுப்பினாலும் அதே 129தான். உந்தம் ஒன்று. ஆனால் கனமான சன்னத்துக்குக் குறைந்த மருந்து போதும். மருந்து எரிந்து வரும் வாயுவும் குழலிலிருந்து பாயும் பொருள்தானே, அதுவும் கையைப் பின்னே தள்ளுகிறது. மருந்து குறைந்தால் அந்தத் தள்ளலும் குறைகிறது.

எல்லைக்கு அருகில் நிற்பவருக்கு ஒவ்வொரு ரவையும் மற்றதைப் போலவே இருக்க வேண்டும். அவருடைய மேசையில் பத்தில் ஒரு கிரெயினைக் காட்டும் தராசு இருக்கிறது, அதாவது 6 மில்லிகிராமுக்கும் சற்று அதிகம். கோதுகளை வரிசையாகத் துளைப்பலகையில் நிறுத்தி, மருந்து போட்டு, சன்னம் வைக்கும் முன் ஒரு சிறு விளக்கை மேலே பிடித்து ஒவ்வொன்றின் உள்ளேயும் எட்டிப் பார்க்கிறார். எல்லாவற்றிலும் மருந்தின் மட்டம் ஒன்றாக இருக்கிறதா? ஒன்றில் இரட்டை மடங்கு விழுந்திருக்கிறதா? ஒன்று வெறுமையாக இருக்கிறதா? 9 மில்லிமீற்றர் கோதுக்குள் சில மருந்துகள் பாதியைக்கூட நிரப்பா. இருமுறை போட்டாலும் வெளியே வழியாது, கண்ணுக்குத் தப்பிவிடும். வெறுமையான கோதும் அதே அளவுக்குப் பொல்லாதது. கேப்பின் வலு மட்டும் சன்னத்தைக் குழலுக்குள் பாதிவழியில் கொண்டுபோய் நிறுத்திவிடும். அடுத்த சன்னம் வந்து அதில் மோதும்.

ஏன் இந்த அளவுக்குக் கூர்மை வேண்டும்? அதன் விடை பாரிசில் இருந்த போல் வியேல் என்ற வேதியியலாளரிடம் இருக்கிறது. 1884இல் நைத்திரோசெல்லுலோசைக் கரைத்துக் குழைத்து முதல் நல்ல புகையில்லா மருந்தைச் செய்தவர் அவர். அது எரியும் வேகத்தை அளந்தவரும் அவரே. திறந்தவெளியில் கொஞ்சம் மருந்தைப் பற்ற வைத்தால் மஞ்சள் சுவாலையோடு நிதானமாக எரிந்துபோகும். அடைத்துவைத்தால் கதை வேறு. அழுத்தம் ஏறினால் எரியும் வேகம் ஏறும். வேகம் ஏறினால் வாயு கூடி அழுத்தம் இன்னும் ஏறும். ஒன்றை ஒன்று தூக்கிவிடும் சுழல் இது. சன்னம் முன்னேறி இடம் விடுவது மட்டுமே அந்தச் சுழலுக்குக் கடிவாளம். இதனால் காரணத்தில் சிறிய மாற்றம் வந்தால் விளைவில் பெரிய மாற்றம் வரும். சன்னத்தை இருக்க வேண்டிய இடத்தைவிட ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவான தூரம் உள்ளே அழுத்திவிட்டால், மருந்து அதே அளவு இருந்தும், எரிவதற்கான இடம் குறைந்து, அழுத்தம் ஆபத்தான உயரத்துக்குப் போகலாம். அளவு பார்க்காமல் கைப்பழக்கத்தால் செய்யும் வேலைக்கு இங்கே இடமில்லை.

வன்னிக்கு வேறொரு பழக்கம் இருந்தது. இடியன் துவக்கு. குழலின் வாய்வழியே கருமருந்தைக் கொட்டி, தும்பால் அடைத்து, சன்னத்தைப் போட்டுக் கோலால் இடித்து நிரப்புவது. காட்டோரத்து விவசாயி பன்றியிடமிருந்தும் யானையிடமிருந்தும் பயிரைக் காக்க அதை வைத்திருந்தார். எவ்வளவு மருந்து என்பதைக் கைதான் சொன்னது. அந்தக் கைக்கணக்கு பெரும்பாலும் தப்பித்ததற்குக் காரணம் கருமருந்தின் இயல்பு. வெடியுப்பு, கந்தகம், கரி சேர்ந்த அந்தப் பழைய கலவையின் எரிவேகம் அழுத்தத்தோடு அவ்வளவாக ஏறுவதில்லை; அதன் நிறையில் பாதிக்கு மேல் வாயுவாகாமல் புகையாகவும் சாம்பலாகவும் போகிறது. அதே குழலுக்குள் புகையில்லா மருந்து போனால் வேறு பௌதிகம் வேலை செய்யத் தொடங்கும். அந்த அழுத்தத்துக்கு அந்தக் குழல் செய்யப்படவேயில்லை. பிளக்கும், துவக்கைப் பிடித்திருக்கும் கையும் கண்ணும் அதற்குப் பக்கத்தில் இருக்கும். ஊரில் அனுபவம் உள்ளவர்களிடம் இந்த ஒரு வேறுபாட்டை மட்டுமாவது விளக்கிச் சொல்ல வேண்டும் என்று விரும்புகிறேன். அவர்களுடைய கைத்திறன் உண்மையானது. அது வேறொரு மருந்தைக் கையாண்டு பெற்றது.

கேப்பைப் பற்றியும் கொஞ்சம். அடித்தால் தீப்பற்றும் வேதிப்பொருளால் துப்பாக்கியை வெடிக்க வைக்கலாம் என்று 1807இல் காப்புரிமை பெற்றவர் ஸ்கொட்லாந்தில் இருந்த போதகர், அலெக்சாண்டர் ஃபோர்சைத். தீக்கல்லின் பொறியைக் கண்டு வாத்துகள் பறந்துவிடுவதுதான் அவருடைய தொல்லை. இன்றைய கேப்பில் இருப்பது பெரும்பாலும் ஈய ஸ்ரிப்னேற்று. அடி, உராய்வு, நிலைமின் பொறி எல்லாவற்றுக்கும் அது எழுந்துவிடும். கோதின் அடியில் அது உட்காரும் முறையை 1866இல் இருவர் தனித்தனியே வகுத்தார்கள். ஆங்கிலேயரான பொக்சரின் முறையில் அடியில் நடுவே ஒரே துளை. ஓர் ஊசியால் பழைய கேப்பைத் தள்ளிவிடலாம். அமெரிக்கரான பேர்டனின் முறையில் ஓரமாக இரண்டு சிறு துளைகள், ஊசிக்கு வழியில்லை. ஆங்கிலேயரின் முறை அமெரிக்காவிலும் அமெரிக்கரின் முறை ஐரோப்பியப் படைகளிலும் நிலைத்தது. வீட்டில் நிரப்பும் பழக்கம் அமெரிக்காவில் வேரூன்றியதற்கு அந்த ஒற்றைத் துளை ஒரு காரணம்.

வன்னி மண்ணில் அதிகம் கிடப்பது ரி-56 துப்பாக்கியின் ரவை. போரில் இரு தரப்பும் தூக்கிய துப்பாக்கி அது. அதன் கோது பெரும்பாலும் உருக்கு, மேலே செம்புப் பூச்சு அல்லது வார்னிஷ். கேப்பு பேர்டன் முறை. ஆக, மண்ணில் பளபளக்கும் செந்நிறத்தைப் பார்த்துப் பித்தளை என்று நினைத்து எடுப்பது பல வேளை துருப்பிடித்த இரும்பாகவே இருக்கும். எந்தப் போட்டிக்காரரும் அதைத் தன் மேசைக்கு ஏற்றமாட்டார்.

வெடிக்காத ரவை எப்படி முதுமையடைகிறது என்பதே எனக்கு இதில் முக்கியமான பகுதி. நைத்திரோசெல்லுலோசு தன்னளவில் நிலையற்ற பொருள். சாதாரண வெப்பத்திலேயே மெல்ல மெல்லச் சிதைந்து நைதரசன் ஒட்சைட்டுகளை விடும். அந்த ஒட்சைட்டுகள் சிதைவை மேலும் விரைவாக்கும். அவற்றைப் பிடித்து விழுங்கவே மருந்தோடு டைபீனைலமைன் போன்ற ஒரு நிலைப்படுத்தியைச் சேர்க்கிறார்கள். அது தீர்ந்த பிறகு சிதைவுக்குத் தடையில்லை. இதைப் பிரான்ஸ் பெரிய விலை கொடுத்துக் கற்றது: 1907இல் ஈயெனா, 1911இல் லிபர்த்தே என்று இரண்டு போர்க்கப்பல்கள் தூலோன் துறைமுகத்தில் நின்றபடி வெடித்துச் சிதறின, பழி போனது வியேலின் மருந்துக்கு. வெப்பம் ஏற ஏறச் சிதைவு விரைவாகும். நீலகிரியில் குன்னூருக்குப் பக்கத்தில் இருக்கும் அருவங்காடு, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே புகையில்லா மருந்து செய்யும் கோர்டைட் தொழிற்சாலையின் ஊர். குளிர்ந்த மலை அந்த வேலைக்குத் தோதான இடம். பங்குனி, சித்திரை வெயிலில் காயும் கண்டாவளை மண்ணில் ஓர் ஆழமில்லாத குழிக்குள் கிடக்கும் ரவைக்கு அந்தக் குளிர் கிடைக்காது. அதன் நிலைப்படுத்தியில் எவ்வளவு மிச்சம் என்பதை வெளியே இருந்து எந்தக் கண்ணும் சொல்லாது.

வெளிக்கோது மட்டும் நலமாகவா இருக்கும்? இரணைமடுத் தண்ணீர் பாயும் வயல்களில் நாம் போடும் யூரியா மண்ணில் உடைந்து அம்மோனியாவாகிறது. வெடிக்காத ரவையில் கோதின் கழுத்து சன்னத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டே இருக்கிறது; அந்தப் பிடிப்பே ஒரு நிரந்தரத் தகைப்பு. ஈரம், அம்மோனியா, தகைப்பு மூன்றும் ஒன்றாகக் கூடும் இடம் குதிரை லாயமாக இருந்தால் என்ன, நெல்வயலாக இருந்தால் என்ன? பித்தளைக் கழுத்து பிளக்க வேண்டிய எல்லாம் அங்கே இருக்கின்றன. ஆனையிறவுக் கடல்நீரேரிப் பக்கத்து உவர்நிலத்தில் உப்பு வேறு சேர்ந்து உருக்குக் கோதைத் தின்னும். பிளவு வழியே ஈரம் புகுந்த மருந்து எரியாமல் போகலாம். அருகில் கிடக்கும் மற்றொன்று காய்ந்து, கேப்போடு, சுடத் தயாராக இருக்கலாம். போட்டிக்காரரின் துளைப்பலகையில் எல்லாக் கோதும் ஒன்றுபோல. இங்கே எந்த இரண்டும் ஒன்றுபோல இல்லை.

பற்றை வெட்டி எரிக்கிறவர்கள் அறிய வேண்டிய ஒன்றும் உண்டு. தீக்குள் போன ரவை, துப்பாக்கியில் வெடிப்பதுபோல வெடிக்காது. சுற்றி அறைச் சுவர் இல்லாததால் கோதே கிழிந்து துண்டுகளாகப் பறக்கும். சன்னத்தைவிட இலகுவான அந்தத் துண்டுகள்தான் கண்ணுக்குக் கூடுதல் ஆபத்து. இது சிறு ரவைக்கு. பெரிய ரவை என்று நினைக்கும் ஒன்று 40 மில்லிமீற்றர் எறிகுண்டாகவோ, செல்லின் வெடிதூண்டியாகவோ இருந்தால் பேச்சே வேறு. மண் மூடித் துருவேறிய நிலையில் இவற்றை வேறுபடுத்திச் சொல்லும் வேலை பயிற்சி பெற்றவருடையது. தொடாமல், நகர்த்தாமல், வந்த அடித்தடத்திலேயே திரும்பிப்போய், கிராம சேவையாளருக்கோ பொலிசுக்கோ சொன்னால் அதற்குரிய ஆட்கள் வருவார்கள்.

அந்த ஆட்களின் வேலையில் வெற்றுக் கோதே ஒரு பெரிய இடைஞ்சல். உலோகங்காட்டி தன் சுருளிலிருந்து மாறும் காந்தப்புலத்தை மண்ணுக்குள் அனுப்புகிறது. உலோகம் இருந்தால் அதில் சுழல் மின்னோட்டம் எழுந்து ஒரு பதில் புலம் வருகிறது, கருவி சத்தமிடுகிறது. பித்தளை நல்ல கடத்தி. வெற்றுக் கோது உரக்கச் சத்தமிடும். பாகிஸ்தானில் செய்த பி4 போன்ற பிளாத்திக்கு மிதிவெடியிலோ உலோகம் மிகச் சொற்பம். புலிகள் செய்த ஜொனி மிதிவெடியின் உடல் மரப்பெட்டி. மெல்லிய சத்தம் மிதிவெடியாக இருக்கலாம், பெரிய சத்தம் வெறுங்கோதாக இருக்கலாம். எதையும் தோண்டிப் பார்க்காமல் விட முடியாது. சண்டை உக்கிரமாக நடந்த காப்பரண் வரிசைகளில் கோதும் செல்துண்டும் விரவிக் கிடப்பதால் கருவி ஓயாமல் கத்தும். அப்படிப்பட்ட இடங்களுக்காக வடக்கில் வேறொரு முறை கைக்கொள்ளப்பட்டது: குப்பைவாரியைப் போன்ற நீண்ட பிடியுள்ள கருவியால் மண்ணைப் படைபடையாக வாரி, கருவியின் காதை நம்பாமல் கண்ணாலேயே தேடுவது. 2002இலிருந்து ஹலோ ட்ரஸ்ட் இங்கே மிதிவெடி அகற்றி வருகிறது. அந்த வேலையை வன்னிப் பெண்கள் பலர், போரில் கணவரை இழந்து குடும்பத்தைச் சுமப்பவர்கள் உட்பட, கவசம் போட்டு வெயிலில் முழங்காலில் இருந்தபடி செய்கிறார்கள்.

மிதிவெடித் தடை உடன்படிக்கையில் இலங்கை 2017 டிசம்பரில் இணைந்தது. அது தந்த பத்து ஆண்டுத் தவணை 2028 ஜூன் 1இல் முடிகிறது. உருக்குக் கோதுகள் அதற்குள் பாதி துருவாகியிருக்கும். பித்தளைக் கோதுகள் பச்சைப் பூச்சோடு அப்படியே கிடந்து, மண்ணைத் தோண்டும் ஒவ்வொருவரின் கருவியிலும் இன்னும் பல பத்தாண்டுகள் சத்தமிடும்.